தெளிந்த நீரில் நஞ்சு: வங்கத்துக் கிணறுகளும் அடையாறு ஆய்வுக்கூடமும்

கையில் அள்ளிப் பார்த்தால் கரடான பழுப்பு மணல். தண்ணீர் அதன் ஊடாக இறங்கும்போது, கரைந்திருக்கும் ஆர்சனிக் அந்தத் துகள்களோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகிறது. கீழே வருவது குடிக்கத் தகுந்த நீர். அடையாறை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் வேதியியல் பேராசிரியர் டி.பிரதீப்பும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டு உழைத்து உருவாக்கிய பொருள் இது. இதற்கு மின்சாரம் வேண்டாம். லிட்டருக்கு ஆகும் செலவு சில பைசாக்கள்தான். மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டு, இன்று இந்தியாவில் 10 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு இந்த முறையில் குடிநீர் போய்ச் சேருகிறது.

சென்னையில் இருப்பவருக்கு இது எங்கோ தூரத்து ஊர்களின் கவலையாகத் தோன்றலாம். மயிலாப்பூர்க் கிணறுகளில் உப்பைப் பற்றிப் பேசுவார்கள், தி.நகர் போர் தண்ணீரில் இரும்பைப் பற்றிப் பேசுவார்கள். ஆர்சனிக்கைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. 1983 வரை வங்கத்திலும் யாரும் பேசவில்லை. அங்கே கோடிக்கணக்கானோர் குடித்தது கலங்கல் நீர் அல்ல. தெளிந்த, குளிர்ந்த, வாடை சிறிதும் இல்லாத நீர். தண்ணீரில் எதைத் தேடுகிறோம், எதைத் தேடாமல் விட்டுவிடுகிறோம் என்ற கேள்வியை அந்த அனுபவம் கிணறு வைத்திருக்கும் எல்லா ஊர்களுக்கும் முன்னால் வைக்கிறது.

ஒரு தோல் மருத்துவரின் சந்தேகம்

கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவராக இருந்தவர் டாக்டர் கே.சி.சாஹா. 1983-ல் அவரிடம் வந்த சில கிராமத்து நோயாளிகளுக்கு ஒரே மாதிரியான அடையாளங்கள் இருந்தன. மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போலக் கரும்புள்ளிகள், நடுநடுவே வெளுத்த புள்ளிகள். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, முண்டு முண்டாகக் காய்த்திருந்தன. ஊரில் பலர் இதைத் தொழுநோய் என்றே நினைத்தார்கள். சாஹா அடையாளம் கண்டது நாள்பட்ட ஆர்சனிக் நச்சு. அது வந்த வழி, அந்தக் குடும்பங்கள் தினமும் குடித்த அடிபம்புத் தண்ணீர்.

இந்தியாவில் இதற்கு முன்னோடியாக ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. சண்டீகரைச் சுற்றிய பகுதிகளில் கல்லீரல் நோயாளிகளையும் அவர்கள் குடித்த கிணற்று நீரில் இருந்த ஆர்சனிக்கையும் தொடர்புபடுத்தி, 1976-லேயே மருத்துவர்கள் எழுதினார்கள். அது பரவலான கவனத்தைப் பெறவில்லை.

சாஹாவின் கண்டுபிடிப்பும் அப்படி மறைந்துபோகாமல் பார்த்துக்கொண்டவர்களில் முதன்மையானவர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி. வேதியியலாளரான அவர் மாணவர்களோடு ஊர் ஊராகப் போய்த் தண்ணீரை மட்டுமல்ல, மக்களின் முடி, நகம், சிறுநீரையும் சோதித்தார். ஆர்சனிக் முடியிலும் நகத்திலும் சேர்ந்து தங்குவதால், உடம்புக்குள் அது போயிருப்பதற்கு அவை சாட்சி. 1995-ல் அவர் கொல்கத்தாவில் கூட்டிய சர்வதேச மாநாடுதான் உலகத்தை இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. இருபது ஆண்டுகளில் மேற்கு வங்கத்தில் மட்டும் அவரது குழு 1,40,150 குழாய்க்கிணறுகளின் நீரைச் சோதித்தது. அவற்றில் 48 சதவீதத்தில் ஆர்சனிக், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தாண்டியிருந்தது. ஏறக்குறைய நான்கில் ஒன்றில் அந்த வரம்பைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். 2002-ல் பீகாரின் போஜ்பூர் மாவட்டத்தில் செம்ரியா ஓஜா பட்டி என்ற ஊரிலும் இதே நோயை அவரது குழு கண்டது. உத்தரப் பிரதேசம், ஜார்கண்ட், அசாம் என்று வரைபடம் விரிந்துகொண்டே போனது. 2018-ல் சக்ரவர்த்தி காலமானார்.

துரு கரைந்தால் நஞ்சு கரையும்

தொழிற்சாலைக் கழிவோ பூச்சிமருந்தோ வங்கத்து நீரைக் கெடுக்கவில்லை. காரணம் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

இமயமலைப் பாறைகளில் இயற்கையாகவே சிறிதளவு ஆர்சனிக் உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அரைத்துக் கொண்டுவந்த வண்டல் மணிகளின் மேல் இரும்புத் துரு படிந்திருக்கிறது. ஆர்சனிக் அந்தத் துருவைப் பற்றிக்கொண்டு வந்து சமவெளியில் தங்கியது. வண்டலோடு புதைந்த இலை தழைகளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நிலத்தடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சில நுண்ணுயிர்கள் துருவைப் பயன்படுத்தியே உயிர்வாழும். அப்போது துரு கரைகிறது. அது பிடித்து வைத்திருந்த ஆர்சனிக்கும் விடுபட்டு நீரில் சேர்கிறது.

இதில் பாதி வேதியியல் சென்னைக்காரர்களுக்குப் பழக்கமானதுதான். மோட்டார் போட்டதும் போர் தண்ணீர் கண்ணாடி மாதிரி வருகிறது. பக்கெட்டில் பிடித்து வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மஞ்சளாக மாறி, அடியில் செம்மண் நிறத்தில் படிகிறது. நிலத்தடியில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் மறுபடி துருவாகிவிட்டது. வங்கத்தில் இப்படிப் படியும் துரு, நீரில் உள்ள ஆர்சனிக்கில் ஒரு பகுதியையும் இழுத்துக்கொண்டு படிகிறது. பிடித்துவைத்துத் தெளியவிட்டுக் குடித்தால் நஞ்சு கொஞ்சம் குறையும்; ஆனால் பாதுகாப்பான அளவுக்குக் குறையும் என்று நம்ப முடியாது.

காற்றோட்டம் உள்ள திறந்த உறைக்கிணறுகளில் ஆர்சனிக் பெரும்பாலும் குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம். வங்கத்தில் சில பத்து மீட்டர் ஆழத்தில் நிற்கும் குழாய்க்கிணறுகளில்தான் அது அதிகம். 150 மீட்டருக்குக் கீழே இறங்கும் ஆழ்குழாய்களில் பெரும்பாலும் மீண்டும் குறைகிறது. ஒரு வீட்டுப் பம்பில் நஞ்சும் பக்கத்து வீட்டுப் பம்பில் நல்ல நீரும் வருவது உண்டு. அதனால் ஊருக்கு ஒரு கிணற்றைச் சோதித்து மற்றதைக் கணக்குப் போட முடியாது.

ஆற்று வண்டல் இல்லாத ஊர்களும் தப்பவில்லை. சத்தீஸ்கரில், அன்றைய ராஜ்நந்த்காவ் மாவட்டத்தைச் சேர்ந்த கௌடிகசா கிராமத்தில் ஆர்சனிக் வந்தது கடும்பாறையிலிருந்து.

தேடாததால் கிடைக்காதது

அடிபம்புகள் நல்ல நோக்கத்தோடு வந்தவை. குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த காலம் அது. 1970-களிலிருந்து வங்கதேசத்தில் யுனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகளின் உதவியோடு லட்சக்கணக்கான குழாய்க்கிணறுகள் போடப்பட்டன. நிலத்தடி நீரில் கிருமி குறைவு என்பது உண்மைதான். கிருமியைத் தேடியவர்கள் உலோகத்தைத் தேடவில்லை.

1992-ல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் வங்கதேசத்தின் ஒரு பகுதியில் 150 கிணறுகளின் நீரை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. பல தனிமங்களை அளந்த அந்த ஆய்வு ஆர்சனிக்கை அளக்கவில்லை. பின்னாளில், அந்த நீரைக் குடித்து நோயுற்ற ஒரு கிராமவாசி லண்டனில் வழக்குத் தொடர்ந்தார். சோதித்தவர்கள் அதையும் சோதித்திருந்தால் தன்னைப் போன்றோர் தப்பியிருப்பார்கள் என்பது அவரது வாதம். 2006-ல் பிரபுக்கள் சபை அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்தக் கிராமவாசிக்கு அந்த ஆய்வகம் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பது முடிவு.

இதற்குள் வங்கதேசத்தில் சுமார் 50 லட்சம் குழாய்க்கிணறுகள் சோதிக்கப்பட்டிருந்தன. அந்நாட்டு வரம்பைத் தாண்டியவற்றின் பம்புக்குச் சிவப்பு வண்ணம், மற்றவற்றுக்குப் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் அடையாளம். பத்தில் மூன்று பம்புகள் சிவப்பாயின. சிவப்புப் பம்பைவிட்டுப் பக்கத்துப் பச்சைப் பம்புக்கு மாறியவர்கள் ஏராளம். அந்த நாட்டில் மக்களின் ஆர்சனிக் பாதிப்பை அதிகம் குறைத்த வழிகளில் இந்த எளிய வண்ணப்பூச்சும் ஒன்று.

பத்து லாரித் தண்ணீரில் ஒரு கிராம்

உலக சுகாதார நிறுவனம் 1993-ல் வகுத்த வரம்பு, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரம்பும் இன்று அதுவே. தண்ணீர் லாரிக் கணக்கில் சொன்னால், பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் பத்து லாரித் தண்ணீரில் மொத்தமாக ஒரே ஒரு கிராம். இவ்வளவு சிறிய அளவை நாக்கும் மூக்கும் உணராது. ஆர்.ஓ. மெஷின் விற்க வருபவர் தண்ணீரில் முக்கிக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் உணராது, அது மொத்த உப்பின் அளவைக் காட்டும் கருவி, லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். டி.டி.எஸ். குறைவாகக் காட்டும் நீரில் ஆர்சனிக் வரம்பைப்போலப் பல மடங்கு இருக்க முடியும். கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாகி, மிச்சத்தில் நஞ்சின் அடர்த்தி கூடும்.

உடம்பில் அது மெல்ல வேலை செய்கிறது. தோல் மாற்றங்கள் தெரியவே பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். அதற்குப் பின் கல்லீரல், இதயம், ரத்தக்குழாய்கள், நரம்புகள். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களை ஆர்சனிக் உண்டாக்கும் என்பது உறுதியாக நிறுவப்பட்டுவிட்டது. சத்துக்குறைவான உணவு உண்பவர்களை இது கூடுதலாகத் தாக்குகிறது. வெயிலில் வேலை செய்யும் விவசாயக் கூலிகள் நகரவாசியைவிட அதிகத் தண்ணீர் குடிப்பார்கள். அதே பம்புத் தண்ணீரில் விளைந்து, அதே தண்ணீரில் வெந்த சோற்றின் வழியாகவும் அவர்களுக்கு நஞ்சு சேர்கிறது. கையில் தடிப்பும் உடம்பில் புள்ளியும் உள்ள பெண்களுக்குத் திருமணம் தட்டிப்போனதும், மணமானவர்கள் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் வங்கத்து ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் பதிவாகியிருக்கின்றன.

நீரை மாற்றினால் நோய் உடனே விலகிவிடுமா? சிலி நாட்டின் அந்தோபகாஸ்தா நகரம் இதற்குக் கடுமையான பதில் வைத்திருக்கிறது. 1958 முதல் 1970 வரை அந்த நகரத்துக்கு வந்த ஆற்று நீரில் ஆர்சனிக், இன்றைய வரம்பைப்போல 80 மடங்குக்கும் மேல் இருந்தது. பிறகு சுத்திகரிப்பு நிலையம் வந்து அளவு சரிந்தது. ஆனால் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் மரணங்கள் அதற்குப் பின் பல பத்தாண்டுகள் அங்கே உயர்ந்தே இருந்தன. வங்கதேசத்தின் அராய்ஹசார் பகுதியில் ஏறத்தாழ 12,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2010-ல் வெளியானது. அங்கு நிகழ்ந்த மரணங்களில் ஐந்தில் ஒன்றுக்கு, வரம்பைத் தாண்டிய கிணற்று நீரே காரணம் என்று அது மதிப்பிட்டது. நிச்சயமான மாற்று மருந்து இதற்குக் கிடையாது. நல்ல தண்ணீர், நல்ல உணவு, தொடர்ந்த மருத்துவக் கண்காணிப்பு ஆகியவைதான் சிகிச்சை.

இங்கேதான் சென்னை மருத்துவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆயிரம் விளக்கு, கிரீம்ஸ் சாலைப் பக்கம் போனால் வங்க எழுத்தில் பலகை வைத்த விடுதிகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் பார்க்கலாம். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வருபவர்களுக்காக வளர்ந்த கடைகள் அவை. மாநகரில் கட்டட வேலை செய்யும் தொழிலாளர்களிலும் வங்கத்தையும் பீகாரையும் சேர்ந்தவர்கள் மிகப் பலர். சிறு வயதில் எந்த ஊர்ப் பம்புத் தண்ணீரைக் குடித்தீர்கள் என்று அவர்களிடம் கேட்பது, புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்பதைப் போல வழக்கமாக வேண்டும்.

இரும்பைக் கொண்டே பிடிப்பது

ஆர்சனிக்கை விடுவிப்பது கரையும் துரு என்றால், அதைப் பிடிக்கவும் துருவையே நாடலாம். உலகெங்கும் பல வடிகட்டிகளின் அடிப்படை இதுதான். வங்கதேசத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய வேதியியலாளர் அபுல் ஹுசாம், இரும்புத் துருவல், மணல், கரி அடுக்கிய வாளி வடிகட்டிக்காக 2007-ல் 10 லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசைப் பெற்றார்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பிரதீப் முதலில் எடுத்துக்கொண்டது வேறொரு நஞ்சு. நுண்ணிய வெள்ளித் துகள்களைக் கொண்டு தண்ணீரிலிருந்து பூச்சிக்கொல்லியை நீக்கும் அவரது முறை 2007-ல் வீட்டு உபயோக வடிகட்டியாகச் சந்தைக்கு வந்தது. ஆர்சனிக்குக்கு அவர் குழு தேர்ந்தது ஃபெரிஹைட்ரைட் என்ற இளந்துரு. துகள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு பரப்பு, அவ்வளவு பிடிப்பு. ஆனால் இந்த இளந்துரு நிலையாக நிற்காது. நாளடைவில் பெரிய படிகங்களாக வளர்ந்து பிடிக்கும் திறனை இழந்துவிடும். அதை வளரவிடாமல் தடுக்க இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்ற பொருளின் வலைக்குள் அதைச் சிறைவைத்தார்கள். சாதாரண வெப்பநிலையில், தண்ணீரிலேயே இதைத் தயாரிக்க முடிகிறது. தண்ணீரில் காணப்படும் ஆர்சனிக்கின் இரு வடிவங்களையுமே இது பிடிக்கிறது. 2017-ல் ஆய்விதழில் வெளியான இந்த முறைக்கு ‘அம்ரித்’ என்று பெயர். 2020-ல் பிரதீப்புக்குப் பத்மஸ்ரீ விருதும், 2022-ல் வளரும் நாடுகளின் கண்டுபிடிப்பாளருக்கான வின்ஃபியூச்சர் சிறப்புப் பரிசும் கிடைத்தன.

நல்ல பொருள் கையில் இருந்தால் போதும் என்று நினைத்தவர்கள் வங்கத்தில் முன்பு அடிபட்டிருக்கிறார்கள். பாருய்ப்பூர் வட்டாரத்தில் பல நிறுவனங்கள் நிறுவிய 18 ஆர்சனிக் நீக்கு நிலையங்களை ஜாதவ்பூர் குழு கண்காணித்து, பெரும்பாலானவை நம்பத் தகுந்தவையாக இல்லை என்று 2005-ல் எழுதியது. பழுது பார்க்க ஆளில்லை, நிரம்பிய துகளை மாற்ற ஆளில்லை, வெளிவரும் நீரைத் திரும்பச் சோதிக்கவும் ஆளில்லை. இதற்கு மாறாக, அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகப் பேராசிரியர் அரூப் சென்குப்தா, ஷிப்பூர் பொறியியல் கல்லூரியோடு சேர்ந்து அமைத்த நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களை ஊர்க் குழுக்களே நடத்தின. குடும்பத்துக்கு மாதக் கட்டணம், அதிலிருந்து பராமரிப்பவருக்குச் சம்பளம், நீக்கிய நஞ்சு மீண்டும் மண்ணில் கலக்காமல் சேமித்துவைக்க ஏற்பாடு. 2007 கிரெய்ஞ்சர் பரிசில் வெள்ளி இவருக்குத்தான்.

சென்னைக் கிணறுகளின் கணக்கு

தமிழ்நாட்டின் கிணறுகள் வேறு நஞ்சுகளை அறிந்தவை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறையிலிருந்து கரையும் புளோரைடு பற்களைப் பழுப்பாக்கியது, எலும்புகளை வளைத்தது. ஜப்பானிய நிதியுதவியோடு 2013-ல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே கட்டப்பட்டது. ராணிப்பேட்டையில், 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலையின் கழிவுமேடு சுற்றுவட்டார நிலத்தடி நீரைக் குரோமியத்தால் கெடுத்தது.

தென்சென்னையின் கரையோரக் கதை உப்பைப் பற்றியது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலுக்குள் நிற்கும் நன்னீரைக் கடல் ஒருபுறம் நெருக்குகிறது. மேலே மழைநீர் சேரும்வரைதான் கடல்நீர் தள்ளி நிற்கும். இதை 1990-களிலேயே வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் இயற்பியலாளர் சேகர் ராகவன். 2002-ல் மந்தைவெளியில் அவரது முயற்சியால் மழை மையம் திறக்கப்பட்டது. 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பல தெருக்களில் கிணற்று நீர்மட்டம் ஏறியது, உப்பு குறைந்தது. மழைநீர் உள்ளே இறங்குவது நீரின் அளவுக்கும் தரத்துக்கும் நல்லது. ஆனால் கூரையிலிருந்து வருவதும் பக்கத்துச் சாக்கடையிலிருந்து கசிவதும் ஒரே மண்ணில்தான் இறங்குகின்றன. பல வீடுகளில் கிணறு தோண்டிய நாளுக்குப் பின் தண்ணீரைச் சோதித்ததே இல்லை.

2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து இறங்கியதை நாடே பார்த்தது. அது அரசு கொண்டுவந்த தண்ணீர். அதே கோடையில் தி.நகர், மயிலாப்பூர், அடையாறு சம்புகளை நிரப்பிய தனியார் லாரித் தண்ணீர், புறநகர் விவசாய நிலங்களின் போர்களிலிருந்து வந்தது. எந்த ஊர், எந்தப் போர், எத்தனை அடி ஆழம் என்று வாங்கியவர்கள் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தரப்படுகிறது. மாநகரத்து அடுக்குமாடிச் சங்கங்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. சங்கக் கூட்டங்களில் லிஃப்ட்டுக்கும் பெயின்ட்டுக்கும் ஒதுக்கும் பணத்தோடு, ஆண்டுக்கு ஒருமுறை கிணற்று நீரையும் போர் நீரையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும் செலவையும் சேர்த்துக்கொள்ளலாம். கிருமி, நைட்ரேட், புளோரைடு, இரும்பு ஆகியவற்றோடு ஆர்சனிக், ஈயம், குரோமியம் என்ற மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காத பொருளை ஆய்வகம் அளப்பதில்லை. முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் வாடகைக்கு இருப்பவரும், வீட்டு வேலைக்கு வந்து அங்கேயே தண்ணீர் குடிப்பவரும் அறிந்துகொள்வார்கள்.

லாரிகளுக்கு விதி வகுக்க வேண்டியது அரசு. லாரியின் பக்கவாட்டில் கொள்ளளவை எழுதுவதுபோல, தண்ணீர் எடுத்த போர் இருக்கும் ஊரையும், அதன் நீரைக் கடைசியாகச் சோதித்த தேதியையும் எழுதச் செய்யலாம். லட்சக்கணக்கான பம்புகளுக்கு வண்ணம் பூசிய வங்கதேசத்தின் வேலையோடு ஒப்பிட்டால், சென்னையில் ஓடும் தண்ணீர் லாரிகளின் எண்ணிக்கை மிகச் சிறியது. அடுத்த கோடைக்கு முன் செய்து முடிக்கக்கூடியது.